நாலா, ஏழா?

முதல் நாள், மால்மோ

எங்கள் ஊர் பொறையாறு. தரங்கம்பாடிக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். ஊருக்குள் நுழையும் வாசல் வளைவில் டென்மார்க் அரசமுத்திரை இருக்கும். அதற்குக் கீழே புகுந்து டேனிஷ் கோட்டைக்குப் போய், மதில்மேல் உட்கார்ந்து மாங்காய் தின்றுவிட்டுத் திரும்புவோம். அந்த முத்திரை யாருடையது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தாத்தாவிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. கடற்கரையில் பொறுக்கிய காசுகளை அதில் போட்டு வைத்திருந்தார். அதில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்துக் காட்டுவார். மேலே கிரீடம், அதன் கீழ் ஆங்கில சி எழுத்து, எழுத்தோடு பின்னிக்கொண்டு ஓர் எண். "நாலாம் ராஜா காசு" என்பார் தாத்தா. அப்பாவோ அது ஏழு என்பார். இந்தச் சண்டை தாத்தா போகும்வரை தீரவில்லை.

இப்போது அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவும் அத்தானும் மால்மோவுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. மால்மோ ஸ்வீடன்தான், ஆனால் பாலத்தைத் தாண்டினால் கோபன்ஹேகன், ரயிலில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. 1658 வரை இந்த மால்மோவும் டென்மார்க்குக்குச் சொந்தம். மூன்றாம் ஃபிரடெரிக் போரில் தோற்றுக் கொடுத்துவிட்டார்.

ஐந்து நாள் விடுமுறையில் டென்மார்க் ராஜாக்களை மட்டும் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் அத்தான் சிரித்துவிட்டார். "ராஜா கல்லறையைப் பாக்கவா மாப்ள விசா எடுத்துட்டு வந்தே? பாரிசுக்குப் போயிருக்கலாம்ல?"

சரி, அவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். இந்த ராஜ பரம்பரையில் பெயருக்குப் பஞ்சம். 1513-இலிருந்து கிறிஸ்டியன், ஃபிரடெரிக், கிறிஸ்டியன், ஃபிரடெரிக் என்று மாறி மாறி ஓடுகிறது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கம் மாதிரிதான். 1972-இல் மார்கிரேட்டே ராணியாக வந்தபோது மட்டும் வரிசை உடைந்தது. அவர் தன்னை ஒரு கிறிஸ்டியனாகக் கணக்கில் வைத்துக்கொண்டு மூத்த மகனுக்கு ஃபிரடெரிக் என்று பெயரிட்டார். அந்த மகன்தான் இப்போது பத்தாம் ஃபிரடெரிக். அவர் மகன் கிறிஸ்டியன். ஆக, காசில் சி என்று இருந்தால் அது கிறிஸ்டியன். எண்தான் தகராறு.

அப்பாவுக்கு வாட்சப்பில் செய்தி போட்டிருக்கிறேன், பாட்டிலைத் தேடச் சொல்லி.

இரண்டாம் நாள், ரோசன்போர்க்

தாத்தாவின் கட்சியில் நின்று நாலாமவரிடமிருந்து ஆரம்பித்தேன்.

நான்காம் கிறிஸ்டியனுக்குப் பட்டம் வந்தபோது வயது 11 இன்னும் நிறையவில்லை. வருடம் 1588. ஆண்டது கிட்டத்தட்ட 60 வருடம். டென்மார்க்கில் இவ்வளவு காலம் ஆண்ட ராஜா வேறு யாரும் இல்லை. 1620 நவம்பரில் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடியை வாங்கிக்கொண்டது இவர் காலத்தில்தான். ஓவே யெத்தே என்ற இளம் கடற்படைத் தளபதி கப்பலில் வந்து பேசி முடித்தார். நாயக்கர் இந்த ராஜாவுக்கு அனுப்பிய தங்க ஓலை கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க நான் முயலவில்லை. சுற்றுலா வந்தவன் கேட்டதும் எடுத்துக் காட்ட அது என்ன, மியூசியம் கடை சாமானா?

ரோசன்போர்க் இவர் கட்டிய கோடை வீடு. 1606-இல் வேலை தொடங்கியது. சிவப்புச் செங்கல், பச்சை பிடித்த செப்புக் கூரை, சுற்றிலும் தோட்டம். அரண்மனை என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவு சின்னது. பையை லாக்கரில் போட்டுவிட்டு உள்ளே போனால் மரப்பலகை அறைகள், இருட்டு, பழைய மரவாசனை.

ஒரு கண்ணாடிப் பேழை முன்னால் அரை மணி நேரம் நின்றேன். உள்ளே அவருடைய உடுப்பு. 1644-இல் ஸ்வீடனோடு நடந்த கடற்போரில், 67 வயதில், கப்பல் தளத்தில் நின்றபோது குண்டுச் சிதறல் பட்டு வலது கண் போனது. அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் அப்படியே எடுத்து வைத்துவிட்டார்கள். இரத்தம் இப்போது பழுப்பாக, காய்ந்த வெற்றிலைக் கறை மாதிரி இருக்கிறது. துணியில் அது இறங்கிய வழிகூடத் தெரிகிறது. கண்ணிலிருந்தும் நெற்றியிலிருந்தும் எடுத்த சில்லுகளை என்ன செய்தார் தெரியுமா? தோடு செய்து தன் ஆசைநாயகி வீபெக்கே க்ரூசேக்குக் கொடுத்தார். அந்தத் தோடும் இங்கே இருக்கிறது. என் பக்கத்தில் நின்ற ஓர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, தன் காதை ஒருமுறை தொட்டுக்கொண்டார்.

பிள்ளைகள் இருபதுக்கு மேல். முதல் மனைவி போனபிறகு கட்டிக்கொண்ட கிர்ஸ்டன் முங்க்குக்குப் பிறந்தவர்களுக்குப் பட்டத்தில் பங்கு கிடையாது. பட்டத்துக்கு உரியவர் மூத்த மகன், இன்னொரு கிறிஸ்டியன். அப்போதெல்லாம் இங்கே ராஜாவைப் பிரபுக்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பா உயிரோடிருக்கும்போதே இவரை வாரிசாகத் தேர்ந்தெடுத்தாயிற்று. அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தார். 1647 ஜூனில், 44 வயதில், அப்பாவுக்கு முன்னாலேயே இறந்துபோனார். ஒன்பது மாதம் கழித்துக் கிழவர் இதே ரோசன்போர்க்கில் கண்மூடினார். இளவரசர் இன்னும் ஒரு வருடம் தாக்குப்பிடித்திருந்தால் அவர்தான் ஐந்தாம் கிறிஸ்டியன்.

யாரும் எதிர்பார்க்காத இளைய மகன் ஃபிரடெரிக் வந்தார். பிரபுக்கள் நீட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு, அதிகாரத்தில் பாதியை விட்டுக்கொடுத்துதான் முடி வாங்கினார். அந்த நிலை பன்னிரண்டே வருடம்தான். ஸ்வீடன் படை கோபன்ஹேகனை முற்றுகையிட்டபோது நகரத்தைவிட்டு ஓடாமல் நின்றதால் மக்கள் செல்வாக்கு வந்தது. அதை வைத்து 1660-இல் பட்டத்தைப் பரம்பரைச் சொத்தாக்கினார். 1665-இல் ஒரு சட்டம்: ராஜா கடவுளைத் தவிர யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். ஐரோப்பாவில் எத்தனையோ சர்வாதிகார ராஜாக்கள் இருந்தார்கள், ஆனால் அதை இப்படி எழுதி வைத்தவர்கள் இவர்கள்தான்.

மேல்மாடி நீண்ட மண்டபத்தில் சிம்மாசனம். ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு என்று நம்பி வாங்கியதெல்லாம் நார்வால் திமிங்கிலத்தின் தந்தம். முன்னால் மூன்று வெள்ளிச் சிங்கங்கள் காவல். நிலவறையில் கிரீடங்கள். நாலாமவர் கிரீடம் மேலே திறந்தது. சர்வாதிகாரம் வந்தபின் செய்தது மேலே மூடியது. அதைப் பாதிரியார் வைக்க மாட்டார், ராஜாவே தன் தலையில் வைத்துக்கொண்டுதான் கோவிலுக்குப் போவார். இரண்டையும் பார்த்தால் சட்டப் புத்தகம் படிக்க வேண்டியதில்லை.

அங்கேயே யானை விருதும் இருக்கிறது. வெள்ளை யானை, முதுகில் கோட்டை, கழுத்தில் குட்டியாக ஒரு பாகன். இந்த நாட்டின் மிகப்பெரிய மரியாதை இது. பாகன் உட்கார்ந்திருக்கும் விதம் சரியில்லை என்று எனக்குத் தோன்றியது. திருக்கடையூர்க் கோவில் யானையைப் பார்த்து வளர்ந்தவன் வேறென்ன சொல்வான்.

அப்பா: "பாட்டில் கிடைக்கல. பரண்ல இருக்கும். நாளைக்கு ஏறிப் பாக்குறேன்."

மூன்றாம் நாள், அமாலியன்போர்க்

மழை. காற்றில் குடை திரும்பிக்கொண்டு கம்பி உடைந்தது. பத்து நிமிடம் எட்டுக்கோண முற்றத்தில் நின்று, கரடித்தொப்பி போட்ட காவலர்கள் முறை மாறுவதைப் பார்த்தேன். நாலு அரண்மனைகள், நடுவில் ஐந்தாம் ஃபிரடெரிக் குதிரைமேல்.

அந்தச் சிலைக்குப் பணம் கொடுத்தது ஆசியக் கம்பெனி. சீனாவுக்கும் நம் தரங்கம்பாடிக்கும் கப்பல் விட்டுச் சம்பாதித்த கம்பெனி. அந்தக் குதிரையின் ஒரு குளம்பாவது நம் கடற்கரைத் துணி வியாபாரத்தில் வார்த்ததாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிலையில் ரோமச் சக்கரவர்த்தி மாதிரி கம்பீரமாக இருக்கிறவர், நிஜத்தில் குடித்துக் குடித்தே 42 வயதில் போனவர்.

மதியத்துக்குமேல் காய்ச்சல் வருகிற மாதிரி இருந்தது. அக்கா ரசம் வைத்துக் கொடுத்தாள். இன்று இவ்வளவுதான்.

நான்காம் நாள், அரசவை நாடக அரங்கு, குரோன்போர்க்

இன்று அப்பாவின் கட்சி, ஏழாமவர்.

குடிகார ராஜாவின் மகன் ஏழாம் கிறிஸ்டியன். அம்மா போனபோது வயது இரண்டு. வளர்த்த ஆசிரியர் அடித்து வளர்த்தார். 1766-இல் பட்டம், பதினேழு இன்னும் நிறையவில்லை. அதே வருடம் இங்கிலாந்து ராஜா மூன்றாம் ஜார்ஜின் தங்கை கரோலின் மத்தில்டாவுடன் கல்யாணம். பெண்ணுக்கு 15. பையனுக்கு மனநோய். அந்தக் காலத்தில் அதற்குப் பெயரும் இல்லை, வைத்தியமும் இல்லை. ராத்திரியில் நகரத் தெருக்களில் அலைந்து சண்டை போடுவார், பொருள்களை உடைப்பார், தன்னையே காயப்படுத்திக்கொள்வார். ஆனால் 1665-இன் சட்டப்படி இந்த நாட்டில் நடக்கிற எதற்கும் இவர் கையெழுத்து வேண்டும். நேற்று முன்தினம் பார்த்த அந்த மூடிய கிரீடத்துக்குள் இருந்த தலை இது.

1768-இல் ஐரோப்பியப் பயணம் போனார். ஆல்டோனாவிலிருந்து கூடவே ஒரு டாக்டர், யோஹான் ஸ்ட்ரூயென்சே. ராஜாவைச் சமாதானப்படுத்தத் தெரிந்த ஒரே ஆள். திரும்பி வந்தபின் அரண்மனையிலேயே தங்கிவிட்டார். 1770-இல் பழைய அமைச்சர்களை வெளியே அனுப்பினார். அடுத்த ஜூலையில் ஸ்ட்ரூயென்சே கையெழுத்துப் போட்டால் போதும், ராஜா போட்ட மாதிரி என்று உத்தரவே வந்தது. செய்தவை மோசமும் இல்லை. பத்திரிகைத் தணிக்கையை நீக்கினார், விசாரணையில் சித்திரவதையை ஒழித்தார். ஆனால் எல்லாம் ஒன்றரை வருடத்துக்குள், ஒரு ஜெர்மானிய டாக்டர், ராஜாவின் பெயரில், ராணியின் அறையிலிருந்து. 1771 ஜூலையில் ராணிக்குப் பெண் குழந்தை, லூயிஸ் அகஸ்டா. யார் சாயல் என்று ஊரே பேசியது.

காலையில் போன அரசவை நாடக அரங்கு கிறிஸ்டியான்ஸ்போர்க் குதிரை லாயத்துக்கு மேலே இருக்கிறது. 1794-இல் அரண்மனையே எரிந்தபோதும் இது தப்பித்தது. கீழே இன்றும் குதிரை வாடை வருகிறது. மேலே போனால் சின்ன மேடை, சிவப்பு, பொன்வண்ணம், மாடங்கள். நம் ஊர் டூரிங் டாக்கீசைவிடக் கொஞ்சம் பெரிது. 1772 ஜனவரி 16 இரவு இங்கேதான் முகமூடி நடனம். ராஜா, ராணி, டாக்டர் மூவரும் வந்திருந்தார்கள். எல்லோரும் தூங்கப் போனபின், விடியுமுன், ராஜாவின் மாற்றாந்தாய் யூலியானே மரியாவின் ஆட்கள் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பிக் காகிதங்களை நீட்டினார்கள். தன் மனைவியையும் தன் டாக்டரையும் பிடிக்கச் சொல்லும் உத்தரவு. பயந்து நடுங்கி, கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 28-இல் ஸ்ட்ரூயென்சேக்கு மரணதண்டனை. முதலில் வலது கையை வெட்டினார்கள், அப்புறம் தலையை. ராஜாவின் கையெழுத்தைத் தனதாக்கிக்கொண்ட கை அல்லவா.

மதியம் ஹெல்சிங்கோருக்கு ரயில், முக்கால் மணி நேரம். குரோன்போர்க் கோட்டைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஹாம்லெட் நாடகத்து இளவரசனைத் தேடி வருகிறார்கள். மண்டை ஓடு பொம்மை விற்கும் கடைகூட இருக்கிறது. நான் தேடி வந்தது நிஜ ராணியை. கரோலின் மத்தில்டாவை இங்கேதான் அடைத்தார்கள். ஐந்து வயதுகூட ஆகாத மகன் தலைநகரில் இருந்தான், பால்குடிக் குழந்தை மட்டும் கூட இருந்தது. ஜன்னலருகே நின்று பார்த்தேன். எதிரே நாலு கிலோமீட்டரில் ஸ்வீடன் கரை, நடுவில் ஓயாத கப்பல்கள். அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றும் அன்று இந்தக் கோட்டைக்குச் சுங்கம் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மே மாதக் கடைசியில் அண்ணன் அனுப்பிய கப்பல்கள் வந்தன. தாயை ஏற்றிக்கொண்டார்கள். குழந்தை இந்த நாட்டு இளவரசி, அதை விடவில்லை. மூன்று வருடம் கழித்து ஜெர்மனியில் செல்லே நகரில் காய்ச்சலில் போய்விட்டாள். வயது 23.

பட்டத்து இளவரசன் ஃபிரடெரிக் மறக்கவில்லை. 1784 ஏப்ரல் 14, ஆலோசனைக் கூட்டம். பதினாறு வயதுப் பையன், முதல்முறை வந்து உட்கார்ந்திருக்கிறான். திடீரென்று எழுந்து ஒரு காகிதத்தை வாசித்து, பழைய ஆட்களை நீக்கும் உத்தரவில் அப்பாவிடம் கையெழுத்து வாங்கிவிட்டான். ராஜா எழுந்து ஓட, அவரைத் தங்கள் பக்கம் இழுக்கச் சித்தப்பாவுக்கும் பையனுக்கும் கைகலப்பே நடந்தது. பையன் ஜெயித்தான். அடுத்த 24 வருடம் நாட்டை ஆண்டது அவன்தான், பெயர் மட்டும் ஏழாம் கிறிஸ்டியன். ஆக அந்த மனிதரின் கையை முதலில் டாக்டர், பிறகு மாற்றாந்தாய், பிறகு பெற்ற பிள்ளை பிடித்து எழுதவைத்தார்கள். 42 வருட ஆட்சி. அதில் ஒரு வருடமாவது அவர் ஆண்டதாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்தப் பெண் குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று அக்கா கேட்டாள். இளவரசியாகவே வளர்ந்தாள். அவள் மகள் கரோலின் அமாலியே 1839-இல் டென்மார்க்கின் ராணியானாள், எட்டாம் கிறிஸ்டியனின் மனைவியாக. ஊர் பேசியது உண்மையென்றால், தலை வெட்டப்பட்ட டாக்டரின் பேத்தி. அத்தான் இதைக் கேட்டுவிட்டு டிவியை நிறுத்தினார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாப்ள, நானும் வந்திருப்பேன்."

ஐந்தாம் நாள், ரோஸ்கில்ட

சொன்ன மாதிரியே அத்தானும் வந்துவிட்டார். கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் ரோஸ்கில்ட. இரட்டைக் கோபுரச் செங்கல் தேவாலயம். ராஜா ராணிகள் கிட்டத்தட்ட நாற்பது பேர் இங்கே இருக்கிறார்கள்.

நுழையுமுன் வெளியே புல்வெளியில் எண்கோணச் செங்கல் சுவருக்குள் ஒன்பதாம் ஃபிரடெரிக். மாலுமியாக இருந்தவர், உடம்பில் பச்சை குத்திக்கொண்டவர். இவருக்கு மூன்றும் பெண்கள். சட்டப்படி தம்பி க்னூத்துக்குப் போக வேண்டிய பட்டம், 1953-இல் மக்கள் வாக்கெடுப்பில் மகளுக்கு மாறியது. தம்பி குடும்பம் எப்படி எடுத்துக்கொண்டிருக்கும் என்று பாகப்பிரிவினை பார்த்த நமக்குச் சொல்ல வேண்டுமா. இவருக்குமேல் கூரை இல்லை. தூறல் கல்லில் விழுந்துகொண்டிருந்தது.

உள்ளே மூத்த கிறிஸ்டியன் பெயரில் இருக்கும் மண்டபத்தில் ஒரு தூண். வந்துபோன ராஜாக்களின் உயரத்தை அதில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். முதலாம் கிறிஸ்டியனின் கோடு ஏழடிக்கும் மேலே. எலும்பை அளந்தபோது ஆறடிக்குச் சற்றுமேல்தான் வந்ததாம். "போஸ்டர்ல ஹீரோ உயரம் மாதிரி" என்றார் அத்தான்.

நாலாமவர் மண்டபத்தில் அவர் பெட்டிமேல் வாள். பக்கத்தில் பட்டத்துக்கு வராத மூத்த மகன், பட்டத்துக்கு வந்த இளைய மகன், இருவருமே. காத்திருந்தவருக்கு அப்பா பக்கத்தில் இடமாவது கிடைத்தது.

எட்டாம் ஃபிரடெரிக் அதைவிடப் பரிதாபம். 43 வருடம் இளவரசர், 6 வருடம் ராஜா. 1912-இல் ஹாம்பர்க்கில் வேறு பெயரில் தங்கியிருந்தபோது ராத்திரி உலாவப் போனவர் தெருவில் மயங்கி விழுந்து இறந்தார். யாரென்று தெரியாமல் உடலைப் பிணவறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

ஒரு சிற்றாலயத்தில் பெரிதாக ஒரு பெட்டி மூடி நிற்கிறது. மார்கிரேட்டே ராணி தனக்காகச் செய்துவைத்த கண்ணாடிப் பேழை. வெள்ளியில் யானைத்தலைகளும் உண்டு. 2018-இல் முடிந்தது, அவர் காலத்துக்குப் பிறகுதான் திறப்பார்கள். கணவர் ஹென்ரிக் அதில் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். உயிரோடு இருக்கும்போது ராஜா என்ற பட்டம் தரவில்லை, செத்தபின் மட்டும் எதற்குச் சமமாகப் பக்கத்தில் என்று கோபம். அவர் சாம்பலில் பாதி கடலில், பாதி அரண்மனைத் தோட்டத்தில். ராணி 2024 ஜனவரி 14 அன்று, பட்டமேறி சரியாக 52 வருடம் ஆன நாளில், தாமாகவே விலகினார். கையெழுத்துப் போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்து மகனுக்கு இடம்விட்டார். காத்திருந்து கிழவனாகும் வழக்கத்தை முறித்தவர் என்று அத்தானிடம் சொன்னேன். "மகனுக்கே 55 ஆயிடுச்சேடா" என்றார்.

கடைசியாக ஐந்தாம் ஃபிரடெரிக் மண்டபம். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அவர் கல்லறையில் இரண்டு கல் பெண்கள் அழுகிறார்கள். மகன் ஏழாமவருக்கு அழ ஆளில்லை. அதே மண்டபத்தில்தான் அந்தப் பேத்தி ராணியும் இருக்கிறாள்.

போன் அதிர்ந்தது. அப்பா. இரண்டு படம், ஒரு குரல்செய்தி. தேவாலயத்துக்குள் என்பதால் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டேன்.

"தம்பி, பரண்ல இருந்துது. புளி போட்டுத் தேய்ச்சேன். செம்புதான். முன்னாடி கிரீடம், சி, அதுகூடப் பின்னிக்கிட்டு ஏழு. நான் சொன்னேன்ல, ஏழுதான். ஆனா பின்னாடி திருப்பினா ரோமன் எழுத்துல நாலுன்னு போட்டு, கீழ காஸ்னு இருக்குப்பா. தாத்தா இந்தப் பக்கத்தைப் பாத்திருக்காரு போல."

அத்தான் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "அட, நாலு காசு" என்றார்.